கறுப்புக் கல்லின் மேல் நீ போட்ட கோடு

தம்பி,

இந்த உறையை நான் ஒட்டப் போவதில்லை. ஒட்டாத கடிதம் பட்டணம் போய்ச் சேருமா என்று நேற்றுத் தபால்காரரிடம் கேட்டேன். "ஏன், வீட்ல பசை இல்லையாக்கும்?" என்றார். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், அதற்காகத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். உனக்கும் இப்போது அதே சந்தேகம் வரலாம். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது. சொல்லப்போனால் ஆறு வருடமாக இல்லாதது இப்போதுதான் திரும்பியிருக்கிறது.

நீ உன் அம்மாவுக்கு எழுதிய கார்டு வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால் நான்தான் படித்துக் காட்டினேன். பாறைகளை ஆராயும் சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருக்கிறது, பம்பாய்க்கு உள்ளே தள்ளி எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிற சீமைக்குப் போகிறாய், பட்டணத்திலிருந்து நேரே ரயில் ஏறுகிறாய், ஊருக்கு வந்துபோக அவகாசம் இல்லை. அவளுடைய மூட்டுவலியை விசாரித்திருந்தாய். செவலைப் பசுவை விசாரித்திருந்தாய். கடைசி வரியில் அப்பாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று இருந்தது. "அம்புட்டுதானா?" என்று கேட்டாள் உன் அம்மா. அம்புட்டுதான் என்றேன். பசுவுக்கு அடுத்த இடம் எனக்கு. அதுவே அதிகம் என்று எனக்கே தெரியும்.

நம் கிணற்றில் வேட்டு வைத்த கருப்பசாமிக்குக் கண் போனதற்கு நீ காரணம் என்று ஆறு வருடமாக இந்த ஊர் நம்புகிறது. காரணம் நான். அதைத் தெரிந்தவர்கள் நீ, நான், கருப்பசாமி, உன் அம்மா. அந்தப் பொய்யை இந்தக் கடிதத்தில் அழிக்கிறேன். கடிதத்துக்கு வெளியே என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

முதலில் உன் நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. நீ மதுரையில் காலேஜில் சேர்ந்த வருடம், நயா பைசா வந்த புதிதில், லீவுக்கு வந்தபோது நான் கேலி பண்ணினேன். "ஏலே, கல்லைப் படிக்கதுக்கு எதுக்குலே காலேஜு? நம்ம புஞ்சையில வந்து பொறுக்கு, சம்பளமும் தாரேன்" என்றேன். கூலிக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்த லீவு முழுக்க உட்கார்ந்து, இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் எழுதி, முதல் பக்கத்தில் "அப்பாவுக்குப் புரியும்படி" என்று தலைப்புப் போட்டு, என்னிடம் கொடுத்தாய். நான் அதை வாங்கி விதைச்சோளம் வைத்திருந்த பெட்டிமேல் வைத்தேன். அப்புறம் எடுக்கவே இல்லை. பிள்ளை தனக்காக எழுதியதைப் படிக்காத அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

நீ வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் கழித்துத்தான் அதைத் திறந்தேன். நீ எழுதியிருந்தாய்: "நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்கிறோம். அது ஒரு கல் அல்ல." பூமிக்குள் ஆழத்தில் கல்லே உருகிக் குழம்பாகக் கிடக்கிறது, அது ஆறி இறுகினால் தீப்பாறை, எங்கே ஆறுகிறது என்பதைப் பொறுத்து அதன் முகம் மாறும் என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரிய வேண்டுமே என்று பனங்கற்கண்டை உதாரணம் காட்டியிருந்தாய். பாகைப் பானையில் ஊற்றி மண்ணுக்குள் புதைத்து நாள்கணக்கில் விட்டால் கட்டிகட்டியாகக் கற்கண்டு விளைகிறது. அதே பாகைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவிட்டால் மணியே இல்லாமல் வழவழவென்று மிட்டாயாகிவிடுகிறது. ஆழத்தில் மெல்ல ஆறிய குழம்பில் மணிகள் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக வளரும், அது கிரானைட் மாதிரி. வெளியே பாய்ந்து காற்றிலும் தண்ணீரிலும் ஆறினால் மணிகள் பொடிப்பொடியாகிவிடும், அது நீ போகிற சீமையின் பசால்ட். இன்னும் வேகமாக ஆறினால் மணி விளையவே நேரமில்லாமல் கண்ணாடியாகிவிடும். காற்றுக் குமிழோடு உறைந்தால் தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். கல் மிதக்குமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "ஒங்க மகன் சொன்னா மெதக்கும்" என்று சொல்லிவிட்டுப் பருப்பு கடையப் போய்விட்டாள்.

இரண்டாவது கேள்வி, கல்லில் என்ன இருக்கிறது என்பது. வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கல்லில் இருக்கிற சரக்கு அதிகமாக இருந்தால் வெளிர் நிறம், இரும்பும் மக்னீசியமும் அதிகமாக இருந்தால் கறுப்பு, பாரமும் கூட. எங்கே ஆறியது, எதனால் ஆனது, இந்த இரண்டையும் வைத்துக் கட்டம் போட்டிருந்தாய். மேல் வரிசையில் பெரிய மணிக் கல், கீழ் வரிசையில் பொடி மணிக் கல். கிரானைட்டுக்கு நேர் கீழே ரயோலைட், காப்ரோவுக்கு நேர் கீழே பசால்ட். ஒரே சரக்குதான், ஆறிய இடம் வேறு. இரண்டு வரிசைக்கும் நடுவில் சிறிய எழுத்தில் டாலரைட் என்று ஒரு பெயர். குழம்பு மேலே வருகிற வழியில் வேறு பாறையின் விரிசலுக்குள் புகுந்து, சுவர் மாதிரி நின்று ஆறியது. அந்த இடத்தில் பென்சிலால் "நம் கிணறு?" என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாய். விபத்துக்கு ஓரிரு நாள் முன்னால் எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

நோட்டோடு நீ விட்டுப்போன பூதக்கண்ணாடி இப்போது என் மடியில்தான் இருக்கிறது. அம்மியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மியில பேன் பாக்கீகளா?" என்றாள் உன் அம்மா. அம்மியில் வெங்கச்சங்கல் மணி இருக்கிறது, சதைநிறத்தில் பெல்ஸ்பார் இருக்கிறது, நடுநடுவே காக்காப்பொன் மின்னுகிறது. விருதுநகர் ரோட்டுக்குக் கொட்டியிருந்த ஜல்லியைப் பார்த்தேன், அதில் கோடுகோடாக இருந்தது. நீ எழுதியபடி அது ஆறின பிறகு மறுபடி அழுத்தப்பட்டு உருமாறிய பழைய கல், தீப்பாறைக் கணக்கில் சேராது. எல்லைக்கல், கோயில் படி, ஏழாயிரம்பண்ணைச் சந்தையில் விற்கிற ஆட்டுரல், ஒன்றையும் விடவில்லை. ஆட்டுரல் விற்கிறவன் என்னைச் சர்க்கார் ஆள் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றான்.

இனிக் கிணறு. நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் எனக்குள் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியாது. கீழப்புஞ்சையில் முப்பத்தைந்து அடி இறங்கியாகிவிட்டது. சித்திரை பிறக்குமுன் தண்ணீர் காட்டுகிறேன் என்று ஊருக்குள் தம்பட்டம் அடித்திருந்தேன். அதுவரை வந்த கல்லில் கருப்பசாமி கெட்டிக்காரன். கல் பிளக்கிற வாட்டம் பார்த்துத் துளை போடுவான், வெடிமருந்து கெட்டிப்பான், திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறுவான், வேட்டு வெடித்தால் கல் பாளம் பாளமாகப் பிளந்துகொடுக்கும். முப்பத்தைந்தாவது அடியில் வேறு கல் வந்தது. மேலெல்லாம் துரு ஏறிய பழுப்பு, எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. நீ உள்ளே இறங்கி, சுத்தியலால் ஒரு ஓரத்தைப் பெயர்த்து, உடைந்த முகத்தைப் பார்த்தாய். உள்ளே அட்டக் கறுப்பு, மணியே தெரியவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, வெளிர் கல் முடிந்து கறுப்புக் கல் தொடங்குகிற இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டாய்.

மேலே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். "அப்பா, இது சுவரு மாதிரி நிக்கிற கல்லு. இதுல தண்ணி ஊறாது, வாட்டமும் இருக்காது, கருப்பசாமி அண்ணனோட கணக்கு இதுல செல்லாது. தண்ணி இதுக்கு மேக்க தேங்கி நிக்கும். இத விட்டுட்டு மேக்க தள்ளித் தோண்டுங்கப்பா." நீ சொன்னது இவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை. நான் என்ன சொன்னேன்? "முப்பத்தஞ்சு அடி தோண்டுனது கோழி கிளறுனதா, ஏலே?" என்று ஆட்கள் காதில் விழும்படி சத்தமாகக் கேட்டேன். மறுபடி எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நீ சிரிக்கவில்லை.

மறுநாள் அந்தக் கறுப்புக் கல்லில், உன் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி, துளை போட ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. வேட்டு வைத்தார்கள். கல் அசையவில்லை, மருந்து துளை வாய் வழியாகவே பீறிட்டுப் போய்விட்டது. கிணறு வெட்டுகிறவர்களுக்கு இதற்கென்று ஒரு முறை உண்டு. பழுதுபட்ட துளையில் தண்ணீர் ஊற்றி ஒரு நாள் விட்டுவிட வேண்டும், மறுபடி அதைத் தொடக் கூடாது, தள்ளி வேறு துளை போட வேண்டும். அடியில் மருந்து மிச்சம் இருக்கலாம் என்பது பயம். வேட்டுக்கு ஒதுங்கிய ஆட்கள் இன்னும் திரும்பவில்லை, மேட்டில் நீயும் நானும்தான். கருப்பசாமி கிணற்றடியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "ஐயா, பளைய துளையில எறங்க வேணாங்கய்யா. தண்ணி ஊத்திருவோம். நாளைக்கு அங்கன தள்ளிப் போட்டுக்கிருவோம்." இன்னொரு பகல் வீணாகிவிடும் என்று நான் பார்த்தேன். "எல்லாம் எரிஞ்சு போச்சு, ஒண்ணும் இருக்காது. அதே துளையை எறக்கு" என்றேன். அவன் இன்னும் ஒரு தடவை "ஐயா" என்றான். "எறக்குடா" என்றேன்.

கடப்பாரை மூன்றாவது அடி விழுந்தபோது வெடித்தது. அவனை மேலே தூக்கியபோது இடது கண் இருந்த இடத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு விரலும் போயிருந்தன. மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, அவன் சொந்தக்காரர்களும் ஊரும் கிணற்று மேட்டில் கூடிவிட்டார்கள். யாரோ கேட்டார்கள்: "அவன் சூதானமான ஆளாச்சே. அங்கன போடச் சொன்னது யாரு?" நான் குனிந்து கிணற்றுக்குள் பார்த்தேன். நீ போட்ட கோடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. "காலேஜுப் புள்ள கோடு போட்டுக் குடுத்தான். அவன் பேச்சக் கேட்டுத்தான் போட்டோம்" என்றேன்.

நீ எனக்குப் பின்னால்தான் நின்றாய். நான் திரும்பினேன், நீ என்னைப் பார்த்தாய். அப்போதாவது நான் தலை குனிந்திருக்க வேண்டும். குனியவில்லை. நீ ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாய். அன்றிலிருந்து ஊரில் உனக்குச் சாக்பீஸ் என்று பெயர். இரண்டு பொங்கலுக்கு வந்தாய், அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாய். பஸ் நிறுத்தத்தில் யாரோ "சாக்பீஸ் போகுது பாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டைப் படித்த பிறகு அந்தக் கிணற்றைக் கைவிட்டு, நீ சொன்னபடி மேற்கே தள்ளி வெட்டினேன். இருபத்தெட்டு அடியில் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. கோடை முழுக்கப் பாதி ஊர் அதில்தான் குடம் வைக்கிறது. இடம் பார்த்தது யார் என்று கேட்டவர்களிடம், கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆள் ஒருவர் வந்தார் என்று சொன்னேன். அந்த ஆள் இப்போது அக்கம்பக்கத்தில் ஏகப்பட்ட கிராக்கியாகிவிட்டார். தப்புக்கு உன்னைக் காட்டினேன், தண்ணீருக்கு அவரைக் காட்டினேன்.

நீ இனி ஆபீசராகப் போகிறாய். உனக்குக் கீழே துளை போடுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு உன் படிப்பு இருக்காது. அவர்களில் ஒருவன் "ஐயா" என்று இழுத்து நின்றால், உன் வேலையை அப்படியே நிறுத்து. ஏன் தயங்குகிறான் என்று கேள். அவனால் காரணம் சொல்ல முடியாவிட்டாலும் நிறுத்து. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் என்னைவிட இதை நன்றாகத் தெரிந்தவன் உனக்குக் கிடைக்க மாட்டான். உன் நோட்டில், பெயர் சொல்லும் முன் கல்லை உடைத்து உள்முகத்தைப் பார்க்க வேண்டும், வெளித்தோல் வெயிலிலும் மழையிலும் மாறியிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கட்டத்துக்கு அடியில், மேல் வரிசை என்பதால் உசத்தி இல்லை, கீழ் வரிசை என்பதால் மட்டமும் இல்லை என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்தபோது கல் ஞாபகம் வரவில்லை, கருப்பசாமியை நான் "டா" போட்டது ஞாபகம் வந்தது. அவன் என்னைவிட நாலு வயது மூத்தவன்.

உன் கார்டு வந்த மறுநாள் சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ இருக்கிற இடத்துக்குப் போனேன். பண்ணைச் செய்தி கேட்க வழக்கம்போல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். "வெதை வெல சொல்லப் போறான், பொறுங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். துளை, என் உத்தரவு, கோடு, நான் சொன்ன பொய், தேங்காய்க்காரர் வரைக்கும். உனக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்தவர், யாரென்று உனக்குத் தெரியும், எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லிருக்கலாமுல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். அப்புறம் யாரோ ரேடியோவைப் போட்டார்கள்.

அதற்கு மறுநாள் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரம் போனேன். கருப்பசாமி குடும்பம் அந்த வருடமே அங்கே போய்விட்டது உனக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி பேச்சியம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். அவன் வீட்டிலேயே உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறான், மிச்சமிருக்கிற விரல்களால். மருந்து இருக்கிற பக்கம் கால் வைப்பதில்லையாம். லீவு நாள் என்பதால் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் உருட்டுவதை நிறுத்தாமல் சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சதுதானய்யா. நான் எப்பிடிச் சொல்லுவேன்? அன்னைக்கு எங்க குடிசை ஒங்க நெலத்துலதான இருந்துச்சு." எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை.

பேச்சியம்மாவுக்கு விஷயம் அப்போதுதான் தெரியும். அவன் அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சின்னையா ஆசுபத்திரிக்கு வந்தாக. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தாக. நான் பழத்த வாசல்ல எறிஞ்சேன். கோடு போட்ட கையி வெளங்காதுன்னு மண்ண வாரித் தூத்துனேன். அப்பவாச்சும், நான் இல்ல, எங்கப்பன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா அந்தப் புள்ள? வாங்கிக்கிட்டுல்ல போச்சு." நீ ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்கு அன்றுவரை தெரியாது, தம்பி. நான் அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை.

அவள் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "ஐயா, ஒங்களுக்குப் பதிலு சொல்ல எனக்கு இன்னும் நாளாகும். ஆனா சின்னையாவுக்கு எழுதுங்க. தூரதேசம் போறதுக்கு முன்னால எங்க வீட்டுல ஒரு எல போட்டு நான் பரிமாறணும். ஒங்க வீட்டுக்கு முந்தி எங்க வீட்டுக்கு வரணும். அப்பத்தான் நான் வஞ்ச சாபம் என் வாயை விட்டுப் போகும்." எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்காக வரச் சொல்ல மாட்டேன். அவளுக்காக, ரயில் ஏறுவதை இரண்டு நாள் தள்ளிப் போட முடியுமா பார். விருதுநகரில் இறங்கிச் சிவகாசி பஸ் பிடி. வழியில் நம் ஊர் ஆமத்தூரில் பஸ் நிற்கும், நானும் உன் அம்மாவும் நிறுத்தத்தில் நிற்போம், ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்துக்கொள்கிறோம். உன் அம்மா அழுவாள், ஆனாலும் நீ இறங்கக் கூடாது. நேரே சிவகாசி போய், அங்கிருந்து நாரணாபுரத்துக்கு நட. பேச்சியம்மா போடுகிற சோற்றை வயிறாரச் சாப்பிடு. திரும்புகிற பஸ்ஸில் ஆமத்தூரில் இறங்குவதா வேண்டாமா என்பதைச் சாப்பிட்ட பிறகு நீயே முடிவு செய்துகொள்.

அப்பா